இலாப நோக்கற்ற இணைய இதழை நடத்துவது எப்படி: முதல் கூட்டத்திலிருந்து பொறுப்பு ஒப்படைப்பு வரை

இணைய இதழ் ஒன்றைத் தொடங்க அதிகப் பணம் தேவையில்லை. தளப்பெயர் (இணையத்தில் இதழின் முகவரி) ஒன்றைப் பதிவு செய்து, வேர்டுபிரஸ் போன்ற இலவச மென்பொருளை நிறுவி, தெரிந்தவர்களிடம் ஐந்தாறு கட்டுரைகளை வாங்கிப் போட்டுவிட்டால் ஒரு வார இறுதிக்குள் இதழ் வெளிவந்துவிடும். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. நுழைவது இவ்வளவு எளிதாக இருப்பதால், பருவநிலை மாற்றம், அகதிகள், நாடுகளின் கடன் சுமை, பாலின நீதி, தொழிலாளர் உரிமை என்று உலகத்தின் எல்லாக் கவலைகளையும் ஒரே நாளில் தோளில் ஏற்றிக்கொண்டு புறப்படுகிறோம். நான் நெருங்கிப் பார்த்த இதழ்களில், பணம் தீர்ந்து நின்றவற்றைவிட ஆசிரியர்கள் களைத்துப்போய் நின்றவையே அதிகம். ஆகவே இந்த வழிகாட்டி, எவ்வளவு செய்தால் ஐந்தாண்டுகளுக்குத் தாக்குப்பிடிக்கலாம் என்ற கணக்கிலிருந்து எழுதப்படுகிறது.

முதல் படி: எதை வெளியிடமாட்டோம் என்று எழுதி வைத்தல்

தொடக்கக் கூட்டத்தில் எல்லோரும் இதழின் நோக்கத்தைப் பற்றிப் பேசுவார்கள். அதில் கருத்து வேறுபாடு வராது. நீதி, சமத்துவம், மனித உரிமை ஆகியவற்றை யாரும் மறுத்துப் பேசப்போவதில்லை. எதை வெளியிடமாட்டோம் என்று கேட்கும்போதுதான் உண்மையான விவாதம் தொடங்கும். அன்றாடச் செய்திகளைத் தொடர்வோமா? கவிதை, சிறுகதை உண்டா? ஒரு போராட்ட இயக்கத்தின் அறிக்கையை அப்படியே வெளியிடுவோமா? வேறு இடத்தில் வெளிவந்த கட்டுரையை மறுவெளியீடு செய்வோமா? தேர்தல் வரும்போது ஒரு கட்சியை ஆதரித்துத் தலையங்கம் எழுதுவோமா?

கடைசிக் கேள்விக்குச் சட்டமும் ஒரு பதில் வைத்திருக்கக்கூடும். அமெரிக்காவில் 501(சி)(3) பிரிவின்கீழ் வரிவிலக்குப் பெற்ற அமைப்புகள் எந்த வேட்பாளரையும் ஆதரித்தோ எதிர்த்தோ பிரச்சாரம் செய்யக் கூடாது. வேறு பல நாடுகளிலும் அறநிறுவனங்களுக்கு இதையொத்த கட்டுப்பாடுகள் உண்டு. தங்கள் நாட்டில் விதி என்ன என்பதைப் பதிவு செய்வதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

இந்த விவாதத்தின் முடிவை ஒரே பக்கத்தில் எழுத வேண்டும். உலகப் பிரச்சினைகள் அனைத்தையும் தொடும் இதழ் என்று எழுதினால் அந்தப் பக்கத்தால் யாருக்கும் பயனில்லை. நாடு கடந்து வேலைக்குச் செல்வோரின் வாழ்க்கையைப் பற்றிய இதழ், நன்னீரைப் பற்றிய இதழ், உலகச் செய்திகளில் இடம்பெறாத சிறு நாடுகளைப் பற்றிய இதழ் என்று ஒரு வாயிலைத் தேர்ந்துகொண்டால், அதன் வழியாகவே மற்றப் பிரச்சினைகளும் உள்ளே வரும். 2004ஆம் ஆண்டின் இறுதியில் ஹார்வர்டு சட்டப் பள்ளியில் நடந்த வலைப்பதிவர் கூட்டத்திலிருந்து பிறந்த குளோபல் வாய்சஸ் அப்படி ஒரு வாயிலைத் தேர்ந்துகொண்டது. தங்கள் நாட்டைப் பற்றி உள்ளூர்க்காரர்களே இணையத்தில் எழுதுவதைத் திரட்டி, விளக்கி, மொழிபெயர்த்துத் தருவதே அதன் வேலையாக இருந்தது. அந்தத் தெளிவினால்தான் பல மொழித் தன்னார்வலர்களை வைத்துக்கொண்டு அதனால் இத்தனை ஆண்டுகள் இயங்க முடிந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

இரண்டாம் படி: கைவசம் உள்ள மணிநேரங்களை எண்ணுதல்

நோக்கம் முடிவானதும் எல்லோரும் பணத்தை எண்ணுவார்கள். அதற்கு முன் நேரத்தை எண்ண வேண்டும். இரண்டாயிரம் சொற்கள் கொண்ட ஒரு கட்டுரை, எழுதியவரிடமிருந்து நல்ல நிலையிலேயே வந்தாலும், ஆசிரியர் தரப்பில் ஏறக்குறைய பதினாறு மணிநேரத்தைக் கேட்கும் என்பது என் கணக்கு. முன்மொழிவைப் படித்து எழுத்தாளருடன் பேச ஒரு மணி, கட்டமைப்பைச் சீர்செய்ய நான்கு, தகவல்களைச் சரிபார்க்க ஆறு, மொழியைச் செம்மைப்படுத்த மூன்று, படம் தேடி, தலைப்பு வைத்து, பதிவேற்றிப் பார்வையிட இரண்டு. வாரத்துக்கு எட்டு மணிநேரம் தரக்கூடிய இரு தன்னார்வலர்கள் இருந்தால், வாரம் ஒரு கட்டுரை போடலாம் என்று காகிதத்தில் தோன்றும். ஆனால் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதவும், கணக்குப் பார்க்கவும், நன்கொடையாளருக்கு அறிக்கை தரவும், காய்ச்சலில் படுக்கவும் அந்தக் கணக்கில் இடமே இல்லை. மாதம் இரண்டு கட்டுரைகள் என்று அறிவிப்பதே அந்த இருவருக்கும் பொருந்தும்.

அறிவித்த நாளில் இதழ் வருவதை வாசகர்கள் கவனிப்பார்கள். மாதத்துக்கு எத்தனை கட்டுரைகள் என்று யாரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. தொடங்கும் நாளில் வெளியிடுவதற்குப் போக, ஆறு கட்டுரைகளாவது முழுமையாகத் தயாராகி இருப்பில் இருக்க வேண்டும். முதல் மூன்று மாதங்களில் ஏதேனும் ஒன்று நிச்சயம் தவறும். அந்த ஆறும் அப்போது கைகொடுக்கும்.

மூன்றாம் படி: சட்ட வடிவம்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். அறக்கட்டளை, சங்கம், இலாபம் பகிராத நிறுவனம் என்று ஒவ்வொரு நாட்டிலும் சில வடிவங்கள் உண்டு. எதைத் தேர்ந்தாலும் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்: இதழின் மீது வழக்கு வந்தால் தனிமனிதர்களின் சொத்துக்குப் பாதுகாப்பு உண்டா, வெளிநாட்டு நன்கொடை பெற அனுமதி உண்டா, அமைப்பைக் கலைக்கும்போது மீதமிருப்பது யாருக்குப் போகும். பதிவு செய்வதற்கே தெம்பில்லாத நிலையில், ஏற்கெனவே பதிவு பெற்ற பொதுநல அமைப்பொன்றின் குடைக்கீழ் ஓரிரு ஆண்டுகள் இயங்குவது நல்ல வழி. ஆனால் கட்டுரைத் தேர்வில் அந்த அமைப்பு தலையிடாது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆட்சிக் குழுவையும் ஆசிரியர் குழுவையும் முதல் நாளிலேயே பிரித்துவிட வேண்டும். ஆட்சிக் குழு கணக்கையும் சட்டத்தையும் பார்க்கும், ஆசிரியரை நியமிக்கும், தேவைப்பட்டால் நீக்கும். வெளிவருவதற்கு முன் ஒரு கட்டுரையைப் படித்துப் பார்க்கும் உரிமை அதற்கு இல்லை. நண்பர்கள் சேர்ந்து தொடங்கும் இதழில் இந்தப் பிரிவினை செயற்கையாகத் தோன்றும். குழுவில் ஒருவருக்கு வேண்டிய ஒரு நிறுவனத்தைப் பற்றிக் கட்டுரை வரும் நாளில்தான் அது ஏன் தேவை என்று தெரியும்.

நான்காம் படி: பணமும் அதனுடன் வரும் நிபந்தனைகளும்

இலாப நோக்கற்ற இதழியல் புதிய முயற்சி அன்று. அமெரிக்காவின் மதர் ஜோன்ஸ் 1976 முதல் இலாப நோக்கற்ற இதழாக வெளிவருகிறது. 2007இல் நிறுவப்பட்டு அடுத்த ஆண்டு வெளியீட்டைத் தொடங்கிய புரோபப்ளிக்கா, 2010இல் புலிட்சர் பரிசு பெற்ற முதல் இணையச் செய்தி நிறுவனமானது. அதன் தொடக்கத்துக்குப் பின்னால் சாண்ட்லர் அறக்கட்டளையின் பெரும் நன்கொடை இருந்தது. பின்னர் பல்வேறு நன்கொடையாளர்களைச் சேர்த்துக்கொண்டது. நம்மில் பெரும்பாலோருக்கு அப்படி ஒரு கை முதலில் கிடைக்காது. ஆனால் அந்த இரண்டாவது செயலில், அதாவது ஒரே கையை நம்பியிராமல் இருப்பதில், நமக்குப் பாடம் உண்டு.

அறக்கட்டளை மானியம், வாசகர்களின் சிறு நன்கொடை, பயிற்சி வகுப்பு அல்லது மொழிபெயர்ப்புப் பணி போன்ற சொந்த வருமானம் ஆகியவையே வழக்கமான வழிகள். மானியம் மொத்தமாக வரும், மொத்தமாக நிற்கும். மேலும் அது பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட தலைப்புக்காகவே தரப்படும். கடல் மாசு பற்றிப் பன்னிரண்டு கட்டுரைகளுக்கு நிதி கிடைக்கிறது என்பதற்காக, கடலைப் பற்றி எதுவும் தெரியாத ஓர் ஆசிரியர் குழு அந்தப் பக்கம் திரும்பினால், ஓராண்டு முடிந்ததும் தன் வாசகர்களையும் இழந்து, கடலைப் பற்றிய வாசகர்களையும் பெறாமல் நிற்கும். முதல் படியில் எழுதிய அந்த ஒரு பக்கத்துக்குள் அடங்காத மானியத்தை, எவ்வளவு கசந்தாலும், மறுத்துவிட வேண்டும். ஒரே நன்கொடையாளரின் பங்கு ஆண்டு வரவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

வாசகர் நன்கொடையில் மாதந்தோறும் சிறு தொகை தருபவர்களே இதழின் முதுகெலும்பு. ஒருமுறை பெரிதாகத் தருபவரின் நன்றிக்கடனைச் சுமப்பதைவிட, நூறு பேரின் சிறு தொகையை நம்பித் திட்டமிடுவது எளிது. ஆனால் வாசகரிடம் பணம் கேட்கும்போது சொல்லும் சொல்லில் கவனம் வேண்டும். நெதர்லாந்தின் டி கரஸ்பாண்டன்ட் என்ற இணைய இதழ், தன் ஆங்கிலப் பதிப்புக்காக 2018இல் வாசகர்களிடம் 25 லட்சம் டாலருக்கும் மேல் திரட்டியது. ஆதரித்தவர்களில் பலர், அமெரிக்காவில் அலுவலகம் அமையும் என்று எண்ணியிருந்தார்கள். 2019இல் தலைமையகம் ஆம்ஸ்டர்டாமிலேயே இருக்கும் என்று தெரிந்தபோது கடும் விமர்சனம் எழுந்து, நிறுவனர்கள் விளக்கமும் வருத்தமும் தெரிவிக்க வேண்டியதாயிற்று. 2021ஆம் ஆண்டின் முதல் நாளோடு அந்த ஆங்கிலப் பதிப்பு நின்றுபோனது. அலுவலகம் பற்றிய மனக்கசப்பு மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும், நன்கொடை வேண்டுகோளில் வாசகர் எதை நம்பிப் பணம் தருகிறார் என்பதை ஒவ்வொரு வாக்கியமாகப் படித்துப் பார்க்க வேண்டும் என்பதை நான் அதிலிருந்தே கற்றுக்கொண்டேன்.

குறிப்பிட்ட தொகைக்கு மேல் தந்தவர்களின் பெயரையும் தொகையையும் தளத்தில் வெளியிட வேண்டும். நன்கொடையாளரைப் பற்றியே கட்டுரை வந்தால், அவர் நிதி தந்திருக்கிறார் என்ற குறிப்பு அந்தக் கட்டுரையின் உள்ளேயே இருக்க வேண்டும். ஆறு மாதச் செலவுக்கான தொகை வங்கியில் சேரும்வரை யாருக்கும் நிரந்தரச் சம்பளம் பேசக் கூடாது. எழுத்தாளர்களுக்கான சன்மானத்தை மட்டும், எவ்வளவு சிறிதானாலும், முதல் இதழிலிருந்தே கொடுத்துவிடுங்கள். உழைப்புச் சுரண்டலைப் பற்றிய கட்டுரையை இலவசமாக எழுதித் தரச் சொல்லும் கடிதத்தை எழுதும்போது கை கூசாமல் இருக்காது.

ஐந்தாம் படி: ஒரு கட்டுரை கடந்து வரும் பாதை

இதழின் வேலை என்று உண்மையில் சொல்லத்தக்கது இதுதான். ஓர் அணைத் திட்டத்தால் ஊரை விட்டுப் போனவர்களைப் பற்றி ஒருவர் எழுத விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

அவரிடம் முதலில் முழுக் கட்டுரையைக் கேட்கக் கூடாது. முந்நூறு சொற்களில் முன்மொழிவு கேட்க வேண்டும். என்ன கேள்வியை எழுப்பப் போகிறார், யாரையெல்லாம் சந்திப்பார், ஏற்கெனவே எழுதப்பட்டவற்றிலிருந்து இது எப்படி வேறுபடும், அந்த அணையோடு அவருக்குத் தனிப்பட்ட தொடர்பு உண்டா என்ற விவரங்கள் அதில் வேண்டும். ஏற்றுக்கொண்டால், சொல் எண்ணிக்கை, கெடு, சன்மானம், பதிப்புரிமை யாருக்கு, கட்டுரை கைவிடப்பட்டால் என்ன தரப்படும் என்பவற்றை ஒரே மின்னஞ்சலில் எழுதி அனுப்ப வேண்டும். ஏற்கவில்லை என்றால் பத்து நாட்களுக்குள் சொல்லிவிட வேண்டும். பதிலே எழுதாத இதழ் என்ற பெயர் எழுத்தாளர்களிடையே வேகமாகப் பரவும்.

வரைவு வந்ததும் உடனே எழுத்துப்பிழை திருத்த உட்காராதீர்கள். முதல் வாசிப்பில் பேனாவைத் தொடாமல் படித்துவிட்டு, கட்டுரை என்ன சொல்கிறது என்பதை இரண்டு வாக்கியங்களில் எழுதிப் பார்க்க வேண்டும். எழுத முடியவில்லை என்றால் கட்டமைப்பில் குறை இருக்கிறது. உலகப் பிரச்சினைகளைப் பற்றிய வரைவுகளில் எனக்கு அடிக்கடி தென்படும் குறை, முதல் நான்கு பத்திகள் உலகமயமாக்கலின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருக்க, ஊரை விட்டுப் போன பெண் ஐந்தாம் பத்தியில்தான் வாய்திறப்பது. பெரும்பாலும் அந்த நான்கு பத்திகளை நீக்கிவிட்டால் கட்டுரை தானே எழுந்து நிற்கும். எழுத்தாளர் வருந்துவார், அவரிடம் தொலைபேசியில் பேசிச் சொல்வது மின்னஞ்சலில் சொல்வதைவிட மேல்.

பிறகு தகவல் சரிபார்ப்பு. வரைவை அச்செடுத்து, பெயர், எண், தேதி, இடம், மேற்கோள் ஆகியவை ஒவ்வொன்றின் கீழும் கோடிட வேண்டும். கோடிட்ட ஒவ்வொன்றுக்கும் எழுத்தாளர் ஆதாரம் காட்ட வேண்டும். இடம்பெயர்ந்தோர் எண்ணிக்கைக்கு அவர் ஐந்து ஆதாரங்கள் காட்டுகிறார் என்றால் மகிழ்ந்துவிடக் கூடாது. ஒரு தொண்டு நிறுவனத்தின் அறிக்கை ஒரு செய்தித்தாளைச் சுட்டும். செய்தித்தாள் ஓர் ஆய்வுக் கட்டுரையைச் சுட்டும். ஆய்வுக் கட்டுரையின் அடிக்குறிப்பு, கட்டுமானம் தொடங்குவதற்கு முன் செய்யப்பட்ட ஒரு மதிப்பீட்டில் போய் நிற்கும். ஐந்தும் ஒரே ஆதாரம்தான். அதுவும் உண்மையில் நடந்ததை எண்ணியது அன்று. இப்படிப்பட்ட எண்ணை வெளியிடலாம். ஆனால் யார், எப்போது, எதை வைத்து மதிப்பிட்டார்கள் என்று சேர்த்தே வெளியிட வேண்டும்.

உலக அளவிலான எண்களில் இன்னொரு குழி இருக்கிறது. உலக வங்கியின் கடும் வறுமைக் கோடு 2015இல் நாளொன்றுக்கு 1.90 டாலராக வரையறுக்கப்பட்டது, 2022இல் 2.15 டாலராகவும், 2025 ஜூனில் 3 டாலராகவும் மாற்றப்பட்டது. நாடுகளின் விலைவாசியை ஒப்பிடும் அடிப்படைத் தரவு புதுப்பிக்கப்படும்போது கோடும் நகர்கிறது. பழைய கோட்டின்படி எடுத்த 2018ஆம் ஆண்டு எண்ணையும் புதிய கோட்டின்படி எடுத்த எண்ணையும் அருகருகே வைத்து, வறுமை திடீரென்று பெருகிவிட்டது என்று ஒருவர் நல்லெண்ணத்தோடே எழுதிவிட முடியும். இரண்டு எண்களும் சரியாகவே இருக்கும்; வாக்கியம் மட்டும் தவறாக இருக்கும். ஆகவே சரிபார்ப்பவர், எண் சரியா என்பதோடு, இரண்டு எண்களும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டவையா என்றும் கேட்க வேண்டும்.

சொற்களுக்கும் இதே கவனம் தேவை. ஒவ்வோர் இதழும் தனக்கென நடைக் கையேடு ஒன்றை வைத்திருக்க வேண்டும்; தொடக்கத்தில் நான்கு பக்கம் போதும். நம் அணைக் கட்டுரையின் வரைவில், ஊரை விட்டுப் போனவர்கள் முதல் பத்தியில் அகதிகள், மூன்றாம் பத்தியில் புலம்பெயர்ந்தோர், ஏழாம் பத்தியில் இடம்பெயர்ந்தோர் என்று வருகிறார்கள். எழுத்தாளர் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லக் கூசி மாற்றியிருப்பார். ஆனால் 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கைப்படி, இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகியவற்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற தக்க அச்சத்தால் தன் நாட்டுக்கு வெளியே இருப்பவரே அகதி. சொந்த நாட்டுக்குள்ளேயே வேறிடம் போனவர் உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர். அவருக்கான ஐக்கிய நாடுகள் வழிகாட்டு நெறிகள் 1998இல்தான் வந்தன. புலம்பெயர்ந்தோர் என்பதோ தமிழில் நாடு கடந்து குடியேறியவர்களைச் சுட்டும் சொல்லாக நிலைபெற்றுவிட்டது. மூன்று சொற்களும் மூன்று வேறு உரிமைகளைக் குறிக்கின்றன. ஒரு கட்டுரைக்குள் அவற்றை மாற்றி மாற்றிப் போட்டால், வாசகருக்கு நடை நன்றாக இருப்பதாகத் தோன்றலாம். அந்த மக்களின் வழக்கறிஞருக்குத் தலைவலியாக இருக்கும்.

இவை முடிந்தபின் மொழித் திருத்தம். திருத்திய வடிவத்தை எழுத்தாளர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே வெளியிட வேண்டும். 2011இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய தி கன்வர்சேஷன், கல்வியாளர்களின் கட்டுரைகளைப் பத்திரிகை ஆசிரியர்களைக் கொண்டு செம்மைப்படுத்துகிறது. எழுதியவர் இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தராமல் அங்கே எதுவும் வெளியாகாது. சிறிய இதழ்களும் இதைத் தயங்காமல் பின்பற்றலாம். கட்டுரையில் யார் மீதேனும் குற்றச்சாட்டு இருந்தால், அதை அவருக்கு எழுத்தில் அனுப்பி, பதில் சொல்லப் போதிய அவகாசம் தர வேண்டும். வெளியிடுவதற்கு இரண்டு மணிநேரம் முன்பு கேட்டுவிட்டு, பதிலளிக்கவில்லை என்று எழுதுவது நேர்மையாகாது. நீதிமன்றத்திலும் அது எடுபடாது.

ஆறாம் படி: படங்களும் மனிதர்களின் பாதுகாப்பும்

கட்டுரைக்கு ஆறு மணிநேரம் சரிபார்ப்பு செய்யும் இதழ், படத்தை இரண்டு நிமிடத்தில் இணையத்தில் தேடி எடுத்துப் போடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வெள்ளப் படம் என்று பகிரப்படுவது வேறு ஆண்டின், வேறு நாட்டின் வெள்ளமாக இருக்கலாம். படத்தைக் கொண்டே தேடும் வசதியை கூகுள், டின்ஐ போன்றவை தருகின்றன. படம் முதன்முதலில் எப்போது இணையத்தில் தென்பட்டது என்று பார்த்துவிட வேண்டும். உரிமம் தெளிவாக இல்லாத படத்தைத் தொடவே கூடாது.

படத்தில் இருப்பவரின் சம்மதம் அதைவிட முக்கியம். முகாம் ஒன்றில் வரிசையில் நிற்கும் தாய், கேமராவைப் பார்த்துத் தலையசைத்தார் என்பது, உலகம் முழுவதும் தேடக்கூடிய ஒரு தளத்தில் தன் முகம் பல்லாண்டுகள் இருப்பதற்குத் தந்த சம்மதம் ஆகாது. இதழின் பெயர், இணையத்தில் வரும் என்ற செய்தி, அவர் ஊர்க்காரர்களும் அதிகாரிகளும் பார்க்கக்கூடும் என்ற விளைவு ஆகியவற்றை அவர் மொழியில் சொல்லிக் கேட்க வேண்டும். பின்னர் நீக்கச் சொன்னால் நீக்கும் நடைமுறையும் வேண்டும். குழந்தைகள், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் ஆகியோரின் அடையாளம் தெரியும் எதையும் வெளியிடக் கூடாது. ஊரின் பெயர், தொழில், வயது மூன்றும் சேர்ந்தாலே சிலரைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதை மறந்துவிடுகிறோம்.

அடக்குமுறை உள்ள இடங்களிலிருந்து எழுதுபவர்களுக்கு மாற்றுப் பெயர் தருவதோடு வேலை முடிந்துவிடாது. அவருடைய உண்மைப் பெயர், குழுவில் எல்லோரும் திறக்கக்கூடிய கூகுள் டாக்ஸ் கோப்பின் திருத்த வரலாற்றில் அப்படியே இருக்கும். கைபேசியில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமும் நேரமும் பதிந்திருக்கும். பதிவேற்றுவதற்கு முன் அவற்றை நீக்க வேண்டும். சிக்னல் போன்ற, பேசுவதை இடையில் யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யும் செயலியில் பேசுவதும், உண்மைப் பெயரை ஆசிரியர் ஒருவர் மட்டும் அறிந்திருப்பதும், சன்மானம் எந்த வழியில் போனால் தடம் இருக்காது என்று முன்பே கேட்டுக்கொள்வதும் குறைந்தபட்ச ஒழுங்குகள். ஆபத்தின் அளவை எழுத்தாளரே நன்கு அறிவார். அவர் வேண்டாம் என்றால், கட்டுரை எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், அதைக் கிடப்பில் போடத்தான் வேண்டும்.

ஏழாம் படி: தவறைத் திருத்துதல்

எவ்வளவு பார்த்தாலும் தவறு வரும். கட்டுரையைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டுப் போவது பெருந்தவறு. பழைய வடிவத்தை யாரோ சேமித்து வைத்திருப்பார்கள். திருத்தக் குறிப்பு இப்படி இருந்தால் போதும்: "இக்கட்டுரையின் முந்தைய வடிவத்தில், இடம்பெயர்ந்த குடும்பங்கள் 4,200 என்று குறிப்பிட்டிருந்தோம். அது குடும்பங்களின் எண்ணிக்கை அன்று, நபர்களின் எண்ணிக்கை. மார்ச் 14 அன்று திருத்தப்பட்டது." தவறு என்ன, சரி என்ன, எப்போது திருத்தினோம் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. ‘தவிர்க்க இயலாத காரணங்களால்’ என்று தொடங்கும் குறிப்பைப் படிக்கும் வாசகர், இன்னும் எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் எண்ணுவார். எழுத்துப்பிழைக்குக் குறிப்புத் தேவையில்லை.

எட்டாம் படி: வாசகரைச் சென்றடைதல்

2018 ஜனவரியில் ஃபேஸ்புக், நண்பர்களும் குடும்பத்தினரும் பகிர்பவற்றுக்கு முன்னுரிமை தரப்போவதாக அறிவித்தபோது, அதன் வழியாக மட்டுமே வாசகர்களைப் பெற்றுக்கொண்டிருந்த பல வெளியீடுகள் ஆட்டம் கண்டன. நமக்குச் சொந்தமில்லாத இடத்தில் கடை விரித்தால் இது எப்போது வேண்டுமானாலும் நடக்கும். மின்னஞ்சல் முகவரிப் பட்டியல் மட்டுமே இதழுக்குச் சொந்தமான வாசகர் வட்டம். ஒவ்வொரு கட்டுரையின் முடிவிலும் செய்திமடலில் சேரும் வசதி இருக்க வேண்டும். அதற்கு மின்னஞ்சல் முகவரி ஒன்றை மட்டும் கேட்டால் போதும். ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிமுறை 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது முதல், அங்கே வசிக்கும் வாசகர்களை நோக்கி இயங்கும் வெளிநாட்டு இதழ்களும் அதன் வரம்புக்குள் வரக்கூடும். சேகரிக்காத தரவுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

மறுவெளியீட்டை அனுமதிப்பது இன்னொரு வழி. வணிக இதழுக்கு நகல் என்பது திருட்டு. நமக்கு அது விநியோகம். புரோபப்ளிக்கா தன் கட்டுரைகளில் பெரும்பாலானவற்றை, மாற்றாமலும் விற்காமலும் பெயர் குறிப்பிட்டும் எவரும் வெளியிட்டுக்கொள்ள கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் அனுமதிக்கிறது. ஆனால் மாற்றக் கூடாது என்ற உரிமத்தைத் தேர்ந்தால் மொழிபெயர்ப்பும் அதில் அடங்கிவிடும். ஒவ்வொரு முறையும் தனி அனுமதி தர வேண்டியிருக்கும். உலகப் பிரச்சினைகளைப் பற்றிய இதழ், பிற மொழிகளுக்குப் போக வேண்டும் என்று விரும்பினால், பெயர் குறிப்பிட்டால் போதும் என்ற உரிமமே பொருத்தம் என்பது என் கருத்து. இதை எழுத்தாளருக்கு முன்மொழிவுக் கட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும். படங்களின் உரிமம் பெரும்பாலும் வேறாக இருக்கும் என்ற குறிப்பையும் மறுவெளியீட்டுப் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.

தளத்தின் தோற்றத்தைப் பற்றி இரண்டே வரிகள். மெதுவான இணைப்பில், பழைய கைபேசியில் கட்டுரை திறக்கிறதா என்று பாருங்கள். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரை வாசிப்பான் ஒவ்வொரு படத்துக்கும் என்ன சொல்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

ஒன்பதாம் படி: ஒப்படைப்பு

நான் பங்கேற்ற ஓர் இதழ் ஒரு காலையில் இணையத்தில் இல்லாமல் போனது. தளப்பெயரைப் புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சல்கள், ஈராண்டுகளுக்கு முன் விலகிப்போன ஒரு தன்னார்வலரின் சொந்த முகவரிக்குச் சென்றுகொண்டிருந்தன. அவரைத் தேடிப் பிடிக்க நான்கு நாட்கள் ஆயின. சலுகைக் காலம் முடிவதற்குள் கிடைத்ததால் தப்பித்தோம். கைவிடப்பட்ட தளப்பெயர்களைச் சூதாட்டத் தளங்கள் வாங்கிவிடுவது சாதாரணம். அப்போது பிற இடங்களிலிருந்து நம் கட்டுரைகளுக்குத் தரப்பட்ட இணைப்புகள் எல்லாம் அங்கே போய் நிற்கும்.

அதன் பிறகு நாங்கள் ஒரு கோப்பு வைத்துக்கொண்டோம். தளப்பெயர், வழங்கி (தளத்தின் கோப்புகள் இருக்கும் கணினிச் சேவை), வங்கி, செய்திமடல், சமூக ஊடகக் கணக்குகள் ஆகிய ஒவ்வொன்றும் எந்த முகவரியில் பதிவாகியிருக்கிறது, எந்தத் தேதியில் புதுப்பிக்க வேண்டும், யார் இருவரிடம் திறவுச்சொல் இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். எல்லாமே தனிநபர் முகவரியிலிருந்து இதழின் பொது முகவரிக்கு மாறின. தளத்தின் முழு நகல் மாதம் ஒருமுறை வேறோர் இடத்தில் சேமிக்கப்பட்டது. வெளியாகும் ஒவ்வொரு கட்டுரையின் முகவரியையும் இணையப் பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கும் இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில் பதிந்துவிடுவதும் ஒரு நிமிட வேலைதான். தொடர் வெளியீடுகளுக்கான எட்டு இலக்க ஐஎஸ்எஸ்என் எண்ணை வாங்கிவிட்டால் நூலகங்களும் ஆய்வாளர்களும் இதழைக் குறிப்பிடுவது எளிதாகும்.

ஆசிரியர் பொறுப்புக்கு மூன்றாண்டு வரம்பு வைப்பது நல்லது. இரண்டாம் ஆண்டின் நடுவிலேயே அடுத்தவர் துணை ஆசிரியராக அருகில் அமர்ந்து, முன்மொழிவுகளை மறுக்கும் கடிதங்களையும் நன்கொடையாளர் கூட்டங்களையும் பார்த்திருக்க வேண்டும். இதழை நிறுத்த நேர்ந்தால் புதிய கட்டுரைகள் எந்த நாளோடு நிற்கும், வாசகர் நன்கொடைகளை எப்போது நிறுத்துவது, எழுத்தாளர்களுக்குப் பாக்கியிருக்கும் சன்மானத்தை எந்தக் கணக்கிலிருந்து தீர்ப்பது, தளப்பெயரை இன்னும் பத்தாண்டுகளுக்கு யார் கட்டணம் செலுத்தி வைத்திருப்பது என்பனவும் அதே கோப்பின் கடைசிப் பக்கத்தில் இருக்க வேண்டும். எங்கள் கோப்பில் அந்தப் பக்கத்தை எழுதி முடிக்க இரண்டு கூட்டங்கள் ஆயின. ஆட்சிக் குழுவில் இருவர் அதைப் பற்றிப் பேசவே விரும்பவில்லை.